சனிக்கிழமைப் பழுதுகள்

தண்டர் பே
பிப்ரவரி 6, 2007

அன்பு மகன் கிம்மோவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், இடது முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மறுக்கிறது, அதுவும் படி ஏறும்போது மட்டும்தான். நீயும் என் பேத்தி குட்டி மர்யாவும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ சொல்ல மாட்டாய், அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது. பனி சமையலறை ஜன்னலின் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது, ஏரி முழுக்க உறைந்து கிடக்கிறது, வாசலைத் தினமும் இரண்டு தடவை வழிக்கிறேன். வண்டி கிளம்புகிறது. கம்ப்யூட்டரும் நலம்.

இந்தக் கடைசி வரியை எழுதத்தான் கடைக்குப் போய்க் காகிதமும் உறையும் வாங்கிவந்தேன், அதனால் இன்னொரு முறை எழுதுகிறேன், கம்ப்யூட்டர் நலம். போன சனிக்கிழமை அது இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று சொன்னேனே, அப்போதும் நலமாகத்தான் இருந்தது. அதற்கு முந்தின வாரம் மவுஸ் தானாக ஓடுகிறது என்றேன், அது நான் மேஜையில் வைத்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பதினான்கு மாதமாக அந்த இயந்திரத்துக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. நடுவில் மூன்று நாள் ஊமையாகிக் கிடந்தது உண்மை, ஆனால் அது உன்னால் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். நீ நிற்கிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி. கோபம் வந்தால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு, பாதியில் வருகிற கோபத்துக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, தொலைபேசியிலிருந்தே தொடங்குகிறேன். உன் அம்மா இருந்தவரை உன்னோடு பேசுவது அவள் வேலை. முக்கால் மணி நேரம் பேசிவிட்டுக் கடைசியில் ரிசீவரை என் பக்கம் நீட்டுவாள், நான் அங்கே மழையா என்பேன், நீ ஆமாம் என்பாய், சரி அம்மாகிட்ட குடுக்கறேன் என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவளிடமிருந்து எல்லாச் செய்தியும் எனக்கு இரவுச் சாப்பாட்டுக்குள் வந்து சேர்ந்துவிடும், ஆகவே உன்னோடு நிறையப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெல்வி போய் இந்த மார்ச்சோடு மூன்று வருடம் ஆகிறது. அவள் போன பிறகு, எனக்குச் சனிக்கிழமை மாலை, உனக்கு அங்கே ஞாயிறு காலை, நீ வாரம் தவறாமல் கூப்பிட்டாய், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு நான்கு நிமிடம். மழையா, ஆமாம், முழங்கால் எப்படி, இருக்கு, சாப்பிடறீங்களா, சாப்பிடறேன், அப்புறம், அப்புறம் ஒண்ணுமில்ல, சரிப்பா, சரி. மழையா என்று கேட்டால் ரிசீவரை வாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த நிலைமையில்தான் கம்ப்யூட்டர் வாங்குங்கள், கடிதம் மாதிரி தினமும் எழுதிக்கொள்ளலாம், மர்யாவின் படம் அனுப்புகிறேன் என்று சொன்னாய். எது வாங்குவது என்று உன்னைக் கேட்டிருக்க வேண்டும், நீ வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர்களை எல்லாம் கட்டி மேய்க்கிற ஆள். ஆனால் உன்னைக் கேட்டால் அது நான்கு நிமிடத்தில் நாற்பது விநாடியைத் தின்றுவிடும் என்று பட்டது. அதனால் செவ்வாய்க்கிழமைக் காபிக்கு வருகிற மூவரைக் கேட்டேன். ஆர்னேயை உனக்குத் தெரியும், பே தெருவில் ரேடியோ, டிவி பழுது பார்க்கிற கடை வைத்திருந்தவன், திருகு இல்லாத எதையும் அவன் நம்ப மாட்டான். "டேய் வெய்க்கோ, முழுசா வாங்காதடா, உதிரியா வாங்கிட்டு வா, நான் பூட்டித் தரேன், என்ன உள்ள இருக்குன்னு நமக்காவது தெரியும்" என்றான். சூலோ என்னோடு தானியக் கிடங்கில் ஷிப்ட் பார்த்தவன், விளம்பரத் தாளில் சிவப்பு எழுத்தில் இருக்கிற எல்லாம் அவனுக்கு வேண்டும், அவன் வீட்டில் மூன்று பிரிண்டர் இருக்கிறது, மூன்றில் ஒன்றும் அச்சடிக்காது. "பெருசா வாங்கு, நான் வாங்கினதே வாங்கு, ஒரே மாதிரி இருந்தா ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசையா இருக்கும்" என்றான். தனக்கு வந்த கஷ்டத்துக்குத் துணைக்கு ஆள் தேடுகிறான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மூன்றாவது ரைலி, பள்ளிக்கூட நூலகத்தில் இருந்தவள், உன் அம்மாவின் சிநேகிதி. அவள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "எதுக்கு வாங்கறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள். அதற்குப் பதில் தெரியாததால் சூலோ சொன்னதையே வாங்கிவிட்டேன். அதில் நீல விளக்கு எரிந்தது, டிவியும் பார்க்கலாம், சிடி, டிவிடி என்று இரண்டு விதமான தட்டு போடலாம், போட்டால் உள்ளே கோதுமை கொட்டுகிற சத்தம் கேட்கும்.

ஒரே மாதத்தில் அது படுத்துவிட்டது. இது நிஜமான பழுது, சத்தியமாக. திரை நீலமாகும், வெள்ளை எழுத்தில் என்னென்னமோ மிரட்டும், அணைந்துவிடும். அந்தச் சனிக்கிழமை முழங்கால் எப்படி என்று நீ கேட்டதும் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்றேன். உனக்கு நினைவிருக்குமா தெரியவில்லை, அன்று நாம் இரண்டு மணி பத்து நிமிடம் பேசினோம். நீ சொல்லச் சொல்ல நான் செய்தேன், அது பழைய படத்தில் வருகிற வெடிகுண்டின் வயரை வெட்டுகிற மாதிரி இருந்தது, சிவப்பா நீலமா என்று நீ கேட்கவும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லவும். பிறகு வைரஸ் இருக்கிறதா என்று தேட விட்டாய். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. நாற்பது நிமிடம் ஆகும் என்றாய். ரிசீவரை வைக்கவும் முடியாது, செய்யவும் ஒன்றுமில்லை, இருவரும் மாட்டிக்கொண்டோம். அப்போது நீ, "அப்பா, அம்மா மீன் சூப்ல கடைசியா ஏதோ போடுவாங்களே, அது என்ன?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை, நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு புட்டியாக முகர்ந்து பார்த்து உனக்குச் சொன்னேன், நாலாவது புட்டியில் நீ "அதேதான்!" என்று கத்தினாய். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் சவுனாவில் நீராவிக்காக எரிக்கிற அடுப்பின் கதவை உடைத்தது பக்கத்து வீட்டுப் பையன் இல்லை, நீதான் என்பதும் அன்று அந்தக் கோடு எழுபது சதவீதத்தில் இருக்கும்போது வெளியே வந்தது. வைரஸ் ஒன்றும் அகப்படவில்லை.

பழுது என்னவென்றால், உள்ளே நினைவகச் சில்லுகள் பதித்த ஒரு சின்னச் சட்டத்தின் முனையில் அழுக்கு. ஆர்னே வந்து கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் நான்கு தேய் தேய்த்துத் திருப்பிச் சொருகினான், பத்து நிமிடத்தில் முடிந்தது, அதற்கு மேல் ஒரு மணி நேரம் இந்தக் காலத்து இன்ஜினியர்களைத் திட்டினான். அடுத்த சனிக்கிழமை நீ கூப்பிட்டாய். கம்ப்யூட்டர் எப்படி, நல்லாயிருக்கு, மழையா, ஆமாம். நான்கு நிமிடம்.

செவ்வாய்க்கிழமை காபிக்கடையில் சூலோ, "என்னடா, மிஷின் பொழச்சுடுச்சு, நீ ஏன் செத்த மாதிரி உக்காந்திருக்க?" என்றான். அந்த இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய பன்னைப் பிய்த்துக்கொண்டே, "பழுதா இருந்தப்ப நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். ஆர்னே என்னைப் பார்த்தான். அவன் பிள்ளை வின்னிபெக்கில் இருக்கிறான், வருடத்துக்கு இரண்டு கார்டு போடுகிறான், இரண்டிலும் கையெழுத்து மருமகளுடையது. தன் காபியைக் குடித்து முடித்துவிட்டு, "அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி வெச்சா போச்சு" என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. ரைலிக்கு உடனே புரிந்துவிட்டது. "பெத்த பிள்ளைகிட்ட பொய் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். அவள் வாழ்நாளில் யாரும் புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுத்து அவளிடம் சாக்குச் சொல்லித் தப்பித்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே, "சொல்றதுதான் சொல்றீங்க, ஒரே பொய்யை ரெண்டு தடவை சொல்லிடாதீங்க, எழுதி வெச்சுக்கணும்" என்றாள். இப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் நாங்கள் நால்வரும் சேர்ந்து சனிக்கிழமைக்குப் பழுது தேர்ந்தெடுத்தோம். கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்ததைவிட இதற்கு எவ்வளவோ கவனம் எடுத்துக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். சூலோ வீட்டு இயந்திரம்தான் எங்கள் பாடப்புத்தகம், அதில் இல்லாத நோய் கிடையாது, அவன் வாரா வாரம் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவான், எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன திட்டு வருகிறது என்று. ஆர்னே அதைக் கேட்டுவிட்டு, இது ரொம்பச் சுலபம், பையன் ரெண்டு நிமிஷத்துல தீத்துடுவான் என்று தள்ளுவான், அல்லது இது ரொம்பப் பெருசு, புதுசு வாங்கச் சொல்லிடுவான் என்று தள்ளுவான். நடுவாந்தரமாக, உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் இழுக்கிற நோய் வேண்டும். ரைலி பழைய நூலக அட்டைகளில் தேதி, பழுதின் பெயர், நீ சொன்ன வைத்தியம், எத்தனை நிமிடம் என்று நான்கு பத்தியில் எழுதினாள். அட்டைகள் அவளிடம் இருக்கின்றன, நகல் என் கம்ப்யூட்டரில் பழுதுகள் என்ற பெயரில் இருக்கிறது. வைரஸ் தேடல் நாற்பது நிமிடம். பிரிண்டர் கோளாறு ஒன்றே கால் மணி நேரம், ஆனால் அதில் உனக்கு எரிச்சல் வருகிறது என்பதால் வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் கூடாது என்று முடிவு செய்தோம். எல்லாவற்றிலும் உசத்தி, டிஸ்க்கில் சிதறிக் கிடப்பதை எல்லாம் ஒழுங்காக அடுக்குகிற அந்த வேலைதான், அது இரண்டரை மணி நேரம் ஓடும், திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் இடம் மாறிக்கொண்டிருக்கும், ஒரு சதவீதத்துக்கும் அடுத்த சதவீதத்துக்கும் நடுவில் ஒரு ஆளின் கல்யாணக் கதையையே சொல்லிவிடலாம். அதைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவனுக்கும் தூர தேசத்தில் ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும்.

இதில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்துவிட்டது. திரையில் என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள் என்று நீ கேட்பாய் அல்லவா, அதற்காகப் பழுதை நிஜமாகவே உண்டாக்க வேண்டியிருந்தது, உண்டாக்கினதை நீ ரிசீவரை வைத்த பிறகு சரி செய்யவும் வேண்டியிருந்தது. முப்பத்தோரு வருடம் தானியக் கிடங்கில் இயந்திரம் பார்த்தவன் நான், கெடுக்கத் தெரிந்தால் சீர்படுத்தத் தெரியும். இப்போது புதன்கிழமைகளில் நூலகத்தில் எனக்கு ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள், ரைலியின் ஏற்பாடு. ஜனங்கள் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி, காய்ச்சல் வந்த குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி வருகிறார்கள். போதகர் ஒருவரின் பிரசங்கங்கள் எல்லாம் காணாமல் போய், இரண்டு மணி நேரத்தில் மீட்டுக் கொடுத்தேன், அவர் ஆனந்தக் கண்ணீர் விட்டார், அந்த ஞாயிறு பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு ஆர்னே என்னைத் திட்டினான். ஆக, மவுஸில் வலது பக்கப் பொத்தான் எது என்று உன்னிடம் மூன்று தடவை கேட்கிற உன் அப்பாவை இந்த ஊரில் கம்ப்யூட்டர் வைத்தியர் என்கிறார்கள். சூலோவின் ஒரு பிரிண்டர்கூட இப்போது அச்சடிக்கிறது, அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஊமையான கதையைச் சொல்லிவிடுகிறேன். போன ஏப்ரலில் சத்தம் வரவில்லை என்றேன், ஒலிபெருக்கியின் வயரை நானேதான் பிடுங்கி வைத்திருந்தேன். நீ அவசரத்தில் இருந்தாய் போலிருக்கிறது, அந்த ஒலிக்கான மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்றாய். அது தப்பு, கிம்மோ. அதை நீக்கினால் திருப்பி ஏற்ற ஒரு தட்டு வேண்டும், அந்தத் தட்டு என்னிடம் இல்லை, எனக்கு அது தெரியும், உனக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். உறுதியாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது, நானும் வாய்க்குள் அதையே கேட்டுக்கொண்டு ஆமாம் என்று அழுத்தினேன். மூன்று நாள் ஆர்னேயும் நானும் சூலோவின் நிலவறையில் அட்டைப்பெட்டிகளைக் கொட்டித் தேடி, கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கு அடியில் அந்தத் தட்டைக் கண்டுபிடித்தோம். அடுத்த சனிக்கிழமை, "பாத்தீங்களா, நான் சொன்னபடி செஞ்சா எப்படி சரியாச்சு!" என்றாய். உனக்கு ஒரே சந்தோஷம். நானும் பாராட்டினேன்.

இப்போது நவம்பருக்கு வருகிறேன், அதை எழுதாமல் தாண்ட முடியாது. அந்தச் சனிக்கிழமை டிஸ்க்கை அடுக்குகிற வேலை. தொடக்கத்திலேயே நான் வேண்டுமென்று கொஞ்சம் தடுமாறினேன், பழைய வழக்கம், ஆரம்பத்தில் பத்து நிமிடம் கூடும். நீ ஒரு பெருமூச்சு விட்டாய். பிறகு, "அப்பா, எத்தனை தடவ சொல்றது? வலது பக்கம்! வலது கை எதுன்னு தெரியும்ல? நானும் மனுஷன்தானே, எனக்கும் ஒரு ஞாயித்துக்கிழமைதான் இருக்கு!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். நியாயம்தானே, எழுபத்தொரு வயதில் ஒருவன் பெற்ற பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையைத் திருடிக்கொண்டிருக்கிறான், அதற்கு மூன்று கூட்டாளிகள் வேறு. இனி வேண்டாம், செவ்வாய்க்கிழமை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். வயரையும் பிடுங்கிவிட்டேன். திரையின் மேல் ஒரு துணியைப் போர்த்தினேன்.

அரை மணியில் நீயே திரும்பக் கூப்பிட்டாய். குரல் வேறு மாதிரி இருந்தது. "ஓடுதாப்பா?" என்று கேட்டாய். நான் அணைந்து கிடக்கிற பெட்டியைப் பார்த்துக்கொண்டு, ஓடுது என்றேன். "எவ்வளவு ஆச்சு?" என்றாய். முப்பத்தொன்று என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அப்புறம்தான் சொன்னாய், ஜூலையிலிருந்து நீயும் என் மருமகள் ட்ரூடியும் ஒரே வீட்டில் இல்லை, மர்யா வாரத்தில் மூன்று நாள்தான் உன்னிடம் இருக்கிறாள், மீதி நாள் தனியாக ஒரு வாடகை வீட்டில் கட்டில்கூட வாங்காமல் தரையில் படுக்கிறாய் என்று. நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை என்றாய். உன் அம்மாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும், ஒரு அரை டஜன் நல்ல வார்த்தை அவளிடம் எப்போதும் தயாராக இருக்கும், அதில் ஒன்றைக்கூட என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. என் வாயிலிருந்து வந்தது, "இன்னும் அறுபத்தொம்போது இருக்கு, நீ சொல்லு" என்பதுதான். நீ சொன்னாய். நடுநடுவே எவ்வளவு ஆச்சு என்று கேட்டாய், முப்பத்தெட்டு என்றேன், நாற்பத்திரண்டு என்றேன், ஒரு தடவை நீ அழுதபோது நாற்பத்திரண்டிலேயே நிற்கிறது, அவசரமில்லை என்றேன். கருப்புத் துணி போர்த்திய ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி ஐம்பது நிமிடம் நான் எண்ணிக்கை வாசித்திருக்கிறேன். நூறு சொன்னபோது உன் குரல் பழையபடி ஆகியிருந்தது, பசிக்கிறது என்றாய், போய்ச் சாப்பிடு என்றேன். நான் உன்னிடம் சொன்ன பொய்களில் எதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன், அந்த ஒன்றுக்கு மட்டும் மாட்டேன்.

அதை நான் செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லவில்லை. டிஸ்க் அடுக்கும் வேலை, ஒரு மணி ஐம்பது என்று மட்டும் சொன்னேன், ரைலி எழுதிக்கொண்டாள். நிறுத்துவது பற்றியும் நான் பேச்செடுக்கவில்லை. ஆனால் டிசம்பரில் அவளே ஒன்றைக் கவனித்தாள். டிஸ்க்கை அடுக்கி முடித்த அன்றைக்கே, "எதுக்கும் இன்னொரு தடவ ஓட விடுங்கப்பா" என்று நீ சொன்னாயே, அதை எழுதும்போது அவள் பேனா நின்றுவிட்டது. "வெய்க்கோ, அடுக்கி முடிச்ச அலமாரிய அன்னிக்கே திரும்ப எதுக்கு அடுக்கணும்? உங்க பையன் ஒரு வங்கியையே பாத்துக்கறவர், அவருக்கு இது தெரியாதா?" என்றாள். ஆர்னே காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், சூலோ என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்குத் தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது. உன்னைக் கேட்கவும் போவதில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

இப்படி எல்லாம் போய்க்கொண்டிருக்கையில்தான் போன வியாழக்கிழமை உன் மின்னஞ்சல் வந்தது. ஒரு சின்ன மென்பொருள் அனுப்பியிருக்கிறேன், அதை ஏற்றிக்கொண்டால் நான் இங்கிருந்தே உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன், நீங்கள் போனும் கையுமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் உட்கார்ந்து கஷ்டப்பட வேண்டாம், நீங்கள் தூங்கும்போதே சரியாகிவிடும் என்று எழுதியிருந்தாய். அதை நான்கு தடவை படித்தேன். அச்சடித்துக் கொண்டுபோய்க் காபிக்கடையில் மேஜை நடுவில் வைத்தேன். சூலோ, "உள்ள விடாதடா, எல்லாக் குட்டும் வெளிய வந்துடும்" என்றான். ஆர்னே, "பையன் களைச்சுட்டான், விட்டுடு" என்றான். இல்லை, அப்பா கஷ்டப்படுகிறார் என்று நிஜமாகவே நினைக்கிறார் என்றாள் ரைலி. இத்தனை பழுதுக்கு வழி சொன்னவர்கள், இந்த ஒரு தாளுக்கு மூன்று அர்த்தம் சொல்லிவிட்டு ஆளாளுக்குத் தன் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ரைலிதான், "இதுக்கு எங்ககிட்ட வராதீங்க. அவரையே கேளுங்க. காயிதத்துல எழுதுங்க, போன்ல நீங்க கேக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்" என்றாள். இது நடந்தது இன்று காலையில். நேரே காகிதம் வாங்கப் போனேன்.

அந்த மென்பொருள் ஏறவில்லை என்று போன சனிக்கிழமை உன்னிடம் சொன்னேன். அது முதல் அழுத்தலிலேயே ஏறிவிட்டது, நான்தான் எடுத்துவிட்டேன். நல்ல மென்பொருள், புதன்கிழமை மேஜைக்கு வருகிற இரண்டு பேருக்கு ஏற்றிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும் என்று தபால் அலுவலகப் பெண் சொன்னாள். அதற்குள் ஒரு சனிக்கிழமை வருகிறது, அன்றைக்கும் நான் ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், விசைப்பலகையில் ஒரு எழுத்து வேலை செய்யவில்லை என்று சொல்லலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். அதற்காக முன்கூட்டியே மன்னித்துவிடு. நீ இதைப் படிக்கும்போது அது முடிந்துபோன பொய்யாக இருக்கும், அதோடு சரி.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உனக்கு அலுத்துவிட்டதென்றால் சொல்லிவிடு, மனது கஷ்டமாக இருக்கும், ஆனால் எனக்குப் புதன்கிழமை மேஜை இருக்கிறது, வியாழக்கிழமை ஆர்னே வீட்டுச் சவுனா இருக்கிறது, நான் காலத்தை ஓட்டிவிடுவேன். அலுக்கவில்லையென்றால் இனி பழுது எதுவும் இல்லாமலே கூப்பிடு. என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது, சூலோ பதினோரு தலைப்பு எழுதிக் கொடுத்தான், ஒன்பது பிரிண்டரைப் பற்றியது, கிழித்துப் போட்டுவிட்டேன். ட்ரூடியைப் பற்றி நீயாகச் சொன்னால் கேட்பேன், நானாகக் கேட்க மாட்டேன், அவள் நல்ல பெண் என்ற என் எண்ணத்தையும் மாற்றிக்கொள்ள மாட்டேன், அதையும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனால் சரிப்பா என்று வைத்துவிடாதே. நானும் வைக்க மாட்டேன். பேசாமல் அப்படியே இருப்போம், நீ பாத்திரம் கழுவு, நான் இங்கே உருளைக்கிழங்கு உரிக்கிறேன், தொலைபேசிக் கம்பெனிக்காரன் வேண்டுமானால் குழம்பட்டும்.

தரையில் படுக்காதே, முதுகு நாற்பது வயதில் சொல்லாததை ஐம்பதில் சொல்லும். ஒரு கட்டில் வாங்கு, எது வாங்குவது என்று நாலு பேரைக் கேட்காதே, படுத்துப் பார்த்து வாங்கு. மர்யாவுக்கு என் முத்தம், அவள் நீச்சல் பழகுகிற படத்தைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். கடவுள் உனக்கு நல்ல தூக்கத்தையும் உன் வயசுக்கு வேண்டிய பொறுமையையும் கொடுக்கட்டும், உன் அம்மா எங்கிருந்தாலும் இதற்குள் எனக்கு முன்னாலேயே கேட்டு வாங்கி வைத்திருப்பாள். கார் இன்ஷூரன்ஸ் பிப்ரவரியோடு முடிகிறது என்று ஜனவரியில் சொன்னாய், மறக்காமல் கட்டிவிடு.

என்றும் உன்,
அப்பா வெய்க்கோ